அந்தப் பிள்ளையிடம் கேட்டுக்கொள்ளக் கூடாதா?

பாளையங்கோட்டையிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் உள்ள மருத்துவ, சித்த மருத்துவ, செவிலியர், மருந்தியல், இயன்முறை மருத்துவக் கல்லூரிகளின் முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கு வணக்கம்.

நான் 34 ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். உங்களில் சிலரை, நீங்கள் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில், அதிகாலை மூன்று மணிக்குத் தூக்கத்திலிருந்து எழுப்பியிருக்கவும் கூடும். அதற்காக இப்போது மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. வேறொரு காரியத்துக்காக எழுதுகிறேன்.

பொது மருத்துவ வார்டில் ஒரு காலை நேரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது மணிக்கு மருத்துவ மாணவர்கள் வருவார்கள். கட்டிலருகே நின்று, என்ன செய்கிறது, எத்தனை நாளாக, வீட்டில் வேறு யாருக்காவது சர்க்கரை உண்டா என்று கேட்டு எழுதிக்கொண்டு போவார்கள். சிறிது நேரத்தில் வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி பஸ் வந்து நிற்கும். இறங்குகிற செவிலிய மாணவி அதே கட்டிலுக்கு வந்து அதே கேள்விகளைக் கேட்டுத் தன் நோட்டில் எழுதுவாள். பிறகு இயன்முறை மருத்துவ மாணவன். சில நாள் மருந்தியல் மாணவி ஒருத்தி மருந்துச் சீட்டைப் பார்க்க வருவாள். களக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து படுத்திருந்த ஒரு பாட்டி, மூன்றாவதாக வந்த பிள்ளையைப் பார்த்துச் சொன்னார்: “இப்போதுதானே அந்தப் பிள்ளையிடம் எல்லாம் சொன்னேன். அதனிடம் கேட்டுக்கொள்ளக் கூடாதா?”

அன்றைக்கு வார்டே சிரித்தது, நானும் சிரித்தேன். வீட்டில் உட்கார்ந்திருக்கும் இந்த நாட்களில் அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது, இப்போது சிரிப்பு வரவில்லை. நான்கு பிள்ளைகள் ஒரே கட்டிலைச் சுற்றி வந்துபோனார்கள். ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது. பாட்டியின் இதய ஓசையில் கோளாறு இருப்பது ஒரு நோட்டில் இருந்தது. முதுகில் படுக்கைப்புண் சிவக்கத் தொடங்கியது இன்னொன்றில். வலது கை தோளுக்கு மேலே எழும்பாது என்பது மூன்றாவதில். ஒரே வலி மாத்திரை இரண்டு பெயரில் இரண்டு முறை போய்க்கொண்டிருந்தது நான்காவதில். நான்கையும் சேர்த்துப் படிக்கிற ஆள் யாரும் இல்லை. நோட்டுகள் அவரவர் கல்லூரிக்கு மதிப்பெண் வாங்கப் போய்விட்டன.

நான் கேட்பது இதுதான்: இந்தப் பிள்ளைகளை, படிக்கும்போதே, ஒரே நோயாளியை முன்னிட்டுச் சேர்ந்து உட்கார வையுங்கள்.

இது என் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2010-இல் இதற்கென்றே ஒரு செயல்திட்டம் வெளியிட்டது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட துறை மாணவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரோடு ஒருவர் கற்பது என்று அதில் விளக்கம் இருக்கிறது. சுவீடனில் லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகம் 1986-லேயே இதைத் தொடங்கிவிட்டது; 1996-இல் ஒரு வார்டையே பல துறை மாணவர்கள் கையில், ஆசிரியர்களின் மேற்பார்வையோடு, கொடுத்துப் பார்த்தது. நம் நாட்டிலும் எழுத்தில் இருக்கிறது. 2019-இல் வந்த புதிய மருத்துவப் பாடத்திட்டம், படித்து முடிக்கும் மருத்துவருக்கு ஐந்து பொறுப்புகளைச் சொல்கிறது. அவற்றில் ஒன்று, சுகாதாரக் குழுவின் ‘தலைவர் மற்றும் உறுப்பினர்’. தலைவராக இருக்கப் பயிற்சி தாராளமாகக் கிடைக்கிறது. உறுப்பினராக இருக்க எந்த வகுப்பில், யார், எந்தக் குழுவை வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள்? மருத்துவ மாணவர்கள் மட்டுமே உட்கார்ந்திருக்கும் அறையில் உறுப்பினராக இருப்பதைப் பற்றி விரிவுரை கேட்பது, வாய்க்கால் கரையில் உட்கார்ந்து நீச்சல் படிப்பது.

என் பணிக்காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை. அங்கே யாரும் கெட்டவர்கள் அல்லர், அதனால்தான் சொல்கிறேன்.

முக்கூடல் பக்கத்துப் பீடித் தொழிலாளி ஓர் அம்மா. ஐம்பது வயது கடந்தவர். சர்க்கரை ஏறிக் கால் புண்ணோடு வந்து சேர்ந்தார். இரண்டு வாரத்தில் புண் ஆறத் தொடங்கியது, சர்க்கரையும் கட்டுக்குள் வந்தது, டிஸ்சார்ஜ். மருத்துவர் தெளிவாகவே எழுதினார்: இன்சுலின், காலையில் 20 யூனிட். எப்படி ஊசி போட்டுக்கொள்வது என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். வார்டில் இருந்தது மில்லிலிட்டருக்கு 40 யூனிட் கொண்ட குப்பி. அதற்குரிய சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோட்டைக் காட்டி, “இதுவரைக்கும் இழுத்தால் போதும்” என்றேன். அந்த அம்மாவுக்குக் கிட்டத்தில் இருப்பது சரியாகத் தெரியாது. ஆறாம் வகுப்புப் படிக்கும் பேத்தி இழுத்துக் காட்டினாள். கெட்டிக்காரப் பிள்ளை, ஒரே முறையில் சரியாக இழுத்தாள்.

ஊர்க் கோயில் கொடை விழாவுக்குத் திருப்பூரிலிருந்து வந்த மகன், அம்மாவுக்கு நல்ல மருந்தாகவே இருக்கட்டும் என்று டவுனில் ஒரு கடையில் காசு கொடுத்து இன்சுலின் வாங்கினான். சீட்டில் மருந்தின் பெயரும் அளவும் இருந்தன, செறிவு இல்லை. கடைக்காரர் கொடுத்தது 100 யூனிட் குப்பி. அதுவும் சரியான மருந்துதான். அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு வேண்டும். வீட்டில் மிச்சம் இருந்ததோ நாங்கள் கொடுத்த சிவப்பு மூடி. பேத்தி நான் காட்டிய அதே கோடு வரை இழுத்தாள். சிவப்பு மூடி சிரிஞ்சில் அந்தக் கோடு அரை மில்லிலிட்டர். புதுக் குப்பியில் அரை மில்லிலிட்டர் என்றால் 50 யூனிட். போட வேண்டியதைப் போல இரண்டரை மடங்கு.

முற்பகலில் வேர்த்து, உளறி, நினைவு தப்பி, 108-இல் வந்து சேர்ந்தார் அந்த அம்மா. குளுக்கோஸ் ஏற்றியதும் கண் விழித்தார். பிழைத்துக்கொண்டார். பேத்தி மட்டும் வார்டு வாசலிலேயே நின்றாள், உள்ளே வரமாட்டேன் என்றுவிட்டாள்.

அப்புறம் நான் ஒவ்வொருவர் சொன்னதையும் மனதுக்குள் அடுக்கிப் பார்த்தேன். மருத்துவர் 20 என்றுதான் எழுதினார். நான் 20 வரைக்கும் இழுக்கத்தான் காட்டினேன். கடைக்காரர் சீட்டில் இருந்ததைத்தான் கொடுத்தார். எவர் மீதும் மெமோ கொடுக்க முடியாது. ஆனால் மருந்தியல் படித்த பிள்ளை ஒன்று டிஸ்சார்ஜ் நேரத்தில் எங்களோடு நின்றிருந்தால், அதன் வாயில் வரும் முதல் கேள்வியே “எந்தக் குப்பி, எந்த சிரிஞ்சு?” என்பதாகத்தான் இருந்திருக்கும். எனக்கு வேறொன்று தெரிந்திருந்தது: மருந்தை வெளியே வாங்கித் தருவதாக மகன் போனில் சொன்னதை அந்த அம்மா பெருமையாக என்னிடம் சொல்லியிருந்தார். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்குக் கேஸ் ஷீட்டில் இடமும் இல்லை, ரவுண்ட்ஸில் எனக்கு வாயும் இல்லை.

இன்னும் கொஞ்சம் கிளறினால் இன்னும் வந்தது. காலை ஆகாரத்துக்கு முன் ஊசி என்று சொல்லி அனுப்பியிருந்தோம். அவர் விடிந்ததும் இலை நறுக்க உட்கார்ந்தால் பத்து மணிக்குத்தான் பழைய சோற்றைத் தொடுவார். நாங்கள் சப்பாத்தி என்று சொல்லியிருந்தோம். சப்பாத்தி சுடுவதற்கு அந்த வீட்டில் யாருக்கு நேரம்? பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி ஆவாரம்பூக் குடிநீரும் குடித்துக்கொண்டிருந்தார். அதை எங்களிடம் மறைத்தார், திட்டுவோம் என்று பயந்து.

இந்தக் கடைசி விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு தனி வசதி இருக்கிறது. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964-இல் தொடங்கியது, திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965-இல். ஏறக்குறைய ஒன்றாகப் பிறந்து ஒரே ஊரில் வளர்ந்த இரண்டு. நோயாளிகள் இரண்டுக்கும் போகிறார்கள். காலையில் ஓரிடத்தில் சீட்டு, அடுத்த வாரம் மற்றோரிடத்தில் சூரணம். ஐகிரவுண்டு என்று நாம் சொல்லும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் சித்த மருத்துவமனைக்கும் இடையே ஆட்டோவில் போய்வருகிற பெரியவர்களின் மஞ்சள் பையைத் திறந்து பார்த்தால் இரண்டு மருத்துவமும் ஒரே பிளாஸ்டிக் உறையில் சமாதானமாக இருக்கும். அறுபது ஆண்டுகளாக நோயாளியின் பை செய்துவருகிற வேலையை மாணவர்கள் செய்யவில்லை. சித்த மருத்துவ மாணவர் அந்தக் குழுவில் உட்கார்ந்திருந்தால் குடிநீர் விஷயம் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்திருக்கும். எந்த மருத்துவம் உசத்தி என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. நோயாளி இரண்டையும் சாப்பிடுகிறார். அதை இரண்டு பக்கமும் தெரிந்துகொண்டால் போதும்.

இரவு நேரத்துக்கு வருகிறேன். நோயாளி ஒருமாதிரி இருக்கிறார் என்று செவிலியருக்குத் தோன்றும். மூச்சு கொஞ்சம் வேகம், முகத்தில் ஒரு சாம்பல் நிறம். பயிற்சி மருத்துவரை அழைத்து, “சார், ஏழாம் நம்பர் பேஷண்ட் சரியில்லை” என்பார். நாற்பது மணி நேரம் தூங்காத அந்தப் பிள்ளை, “சரி சிஸ்டர், பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுக்கும். இதில் யாரைத் திட்டுவது? இப்படிப் பேசுவதற்கு ஒரு முறை இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைக்கு வந்தது என்பார்கள். நான்கே வாக்கியம்: இப்போது நிலைமை என்ன, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், உங்களிடம் என்ன கேட்கிறேன். “ஏழாம் கட்டிலில் மூச்சு நிமிடத்துக்கு 32. நேற்று வயிற்று அறுவை சிகிச்சை ஆனவர். கிருமி இரத்தத்தில் பரவுகிறதோ என்று சந்தேகப்படுகிறேன். பத்து நிமிடத்துக்குள் வந்து பாருங்கள்.” இப்படிச் சொன்னால் எந்தப் பிள்ளையும் எழுந்து வரும்.

முதல் இரண்டு வாக்கியங்களை எந்தச் செவிலியரும் சொல்லிவிடுவார். மூன்றாவதும் நான்காவதும்தான் தொண்டையில் நிற்கும். ‘நான் நினைக்கிறேன்’ என்று ஒரு செவிலியர் மருத்துவரிடம் சொல்வதா? அதிகப்பிரசங்கி என்ற பெயர் ஒரே இரவில் வந்துவிடும். வந்த பெயர் மாற்றலாகிப் போகிற ஊருக்கும் கூடவே வரும், என் விஷயத்தில் வந்தது. இந்த இரண்டு வாக்கியங்களைச் சொல்லவும், கேட்டுக்கொள்ளவும் இருவரும் இருபது வயதில் எதிரெதிரே உட்கார்ந்து பழகியிருக்க வேண்டும். முப்பது வயதில், ஒருவர் நின்றுகொண்டும் ஒருவர் உட்கார்ந்துகொண்டும் இருக்கும்போது அது வராது.

நம் பக்கத்து வில்லுப்பாட்டைப் பாருங்கள். குடம் அடிக்கிறவர், உடுக்கைக்காரர், தாளக்காரர், பின்பாட்டு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வித்தை. புலவர் எந்த இடத்தில் மூச்சு வாங்குவார், எந்த இடத்தில் கதையை வளைப்பார் என்பது குடம் அடிக்கிறவருக்குத் தெரியும். ‘ஆமாம்’ போடுகிற பின்பாட்டுக்காரர் ஓரிடத்தில் போடாமல் விட்டால், ஏதோ அடி விட்டுப்போனது என்று புலவருக்குத் தெரிந்துவிடும். குடத்தை ஓர் ஊரில் தனியாகவும் உடுக்கையை வேறோர் ஊரில் தனியாகவும் கற்றுக்கொண்டு, கொடை அன்று நடு இரவில் அம்மன் கோயில் மேடையில்தான் முதன்முதலில் முகம் பார்த்தார்கள் என்றால் அந்தக் கொடை என்ன ஆகும்? நம் வார்டுகளில் தினமும் அதுதான் நடக்கிறது. சாமி எப்படியோ காப்பாற்றிவிடுகிறது, எப்போதும் அல்ல.

முகம் பார்ப்பதற்கும் பெயர் தெரிவதற்கும் எவ்வளவு பலன் என்று கேட்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவை சிகிச்சைக்கு 19 கேள்விகள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலைக் கொண்டுவந்தது. மயக்க மருந்துக்கு முன், கத்தி வைப்பதற்கு முன், அறையை விட்டு வெளியேறுவதற்கு முன் என்று மூன்று இடத்தில் எல்லோரும் நின்று பேச வேண்டும். அதில் ஒன்று, அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் பெயரையும் பொறுப்பையும் சொல்லிக்கொள்வது. புது டில்லி உட்பட எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் செய்து பார்த்தார்கள். இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதத்துக்குக் குறைந்ததாக 2009-இல் முடிவு வெளியானது. ஆனால் அதே பட்டியலைக் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளுக்குக் கட்டாயம் ஆக்கிப் பார்த்தபோது, 2014-இல் வந்த கணக்கின்படி, சொல்லிக்கொள்ளும் குறைவு எதுவும் இல்லை. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். காகிதத்தில் டிக் அடிப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். காலையில் மொத்தமாக அடித்துவிட்டு நாள் முழுவதும் நிம்மதியாக இருக்கலாம். பேசிப் பழகாத ஆட்களிடம் பட்டியலைக் கொடுத்தால் அவர்களுக்குக் கிடைப்பது இன்னொரு காகிதம்.

கூடிக் கற்றலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 2013-இல் கிடைத்த 15 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள், ஏழில் நன்மை தெரிந்தது, நான்கில் கலவையான விளைவு, நான்கில் எந்த மாற்றமும் இல்லை என்று எழுதினார்கள். நான் உங்களிடம் மந்திரக்கோல் எதையும் விற்க வரவில்லை. ஆகவே தயவுசெய்து ஒரு பொது விரிவுரைக்கு ஏற்பாடு செய்துவிடாதீர்கள். ஐந்து கல்லூரி மாணவர்களை ஒரே அரங்கில் உட்காரவைத்து, குத்துவிளக்கு ஏற்றி, பொன்னாடை போர்த்தி, ‘குழு உணர்வு’ என்று ஒருவர் ஒன்றரை மணி நேரம் பேசி, கூட்டாகப் புகைப்படம் எடுத்துக்கொண்டு கலைவது எனக்குத் தெரியாததா? ஒரே அரங்கில் உட்காருவது ஒரே பஸ்ஸில் உட்காருவது மாதிரி. சேரன்மகாதேவியில் ஒருவர் இறங்குவார், அம்பாசமுத்திரத்தில் மற்றவர் இறங்குவார்.

ஊருக்குள் இது நடக்கத் தொடங்கிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர், நோய்த்தணிப்புச் செவிலியர், இயன்முறை மருத்துவர் எல்லோரும் ஒரே நோயாளியின் வீட்டுக்குப் போகிறார்கள். அந்த வீட்டுத் திண்ணையில் யார் தலைவர் என்ற பேச்சு எழுவதில்லை; பாட்டியை எழுப்பி உட்காரவைக்க மூன்று பேர் வேண்டும், அவ்வளவுதான். அவர்கள் வேலையில் சேர்ந்த பிறகு கற்றதை உங்கள் மாணவர்கள் சேர்வதற்கு முன்பே கற்கலாம் என்கிறேன்.

மூன்று மறுப்புகள் வரும் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு படிப்புக்கும் ஒவ்வோர் ஆணையம், ஒவ்வொரு கால அட்டவணை என்பீர்கள். உண்மை. ஆனால் வாரத்தில் ஒரு மதியத்துக்கு டில்லியின் அனுமதி வேண்டியதில்லை. மேலும், உங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் வாங்கப்போகும் பட்டத்தில் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஒரே முத்திரைதான் இருக்கப்போகிறது. இரண்டாவது, இடம் இல்லை என்பது. கட்டில்தான் இடம். அது ஏற்கெனவே இருக்கிறது, நோயாளியும் அதில் இருக்கிறார். மூன்றாவதை வெளியே சொல்ல மாட்டீர்கள்: செவிலிய மாணவி மருத்துவ மாணவனுக்குச் சொல்லிக்கொடுப்பதா? ஆம். படுத்திருப்பவரைப் புண் வராமல் எப்படித் திருப்பிப் போடுவது என்பதை அவள்தான் சொல்லிக்கொடுக்க முடியும். இன்சுலின் ஏன் நடுக்கம் கொடுக்கிறது என்பதை அவன் அவளுக்குச் சொல்லட்டும். என் அனுபவத்தில், நோயாளி இரண்டு வேளையாகச் சாப்பிடவில்லை என்பதை எங்கள் எல்லோருக்கும் முன்னால் கண்டுபிடித்துச் சொன்னவர் தட்டு எடுக்க வந்த ஆயாம்மா. அவரைக் கேட்கவும் ஒரு நாற்காலி போடுங்கள்.

செய்முறை எளிது. பெண்கள் பொது மருத்துவ வார்டு ஒன்று. செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணி. இறுதியாண்டு மாணவர்களில் ஒவ்வொரு துறைக்கும் ஒருவராக ஐந்து பேர். அடுத்த நாள் வீட்டுக்குப் போகவிருக்கும் ஒரு நோயாளி. ஐந்து பேரும் அவரிடம் ஒரே ஒரு முறை கதை கேட்க வேண்டும், இரண்டாம் முறை கேட்கக் கூடாது. பிறகு தனியே உட்கார்ந்து ஒரே ஒரு பக்கம் எழுத வேண்டும், தமிழில், அவர் வீட்டு ஆறாம் வகுப்புப் பிள்ளை வாசித்துக் காட்டக்கூடிய தமிழில்: எந்தக் குப்பி, எந்த மூடி, எத்தனை மணிக்குச் சோறு, என்ன ஆனால் 108. கூட்டத்தை நடத்துகிறவர் வாரம் ஒருவராக மாற வேண்டும். மருத்துவ மாணவர்தான் எப்போதும் நடத்த வேண்டும் என்றால் முதல் வாரத்திலேயே கடையைக் கட்டிவிடலாம். வேறு வேறு கல்லூரியிலிருந்து இரண்டு ஆசிரியர்கள் அருகே இருக்கட்டும், ஆனால் பேசாமல் இருக்கட்டும். இரண்டு வாரம் கழித்து, அந்த ஊர்க் கிராம சுகாதார செவிலியரோடு போய், எழுதிக்கொடுத்த பக்கம் அந்த வீட்டில் எங்கே இருக்கிறது என்று பார்த்து வர வேண்டும். சுவரில் ஒட்டியிருக்கிறதா, அடுப்பு பற்றவைத்துவிட்டார்களா என்பது அங்கே போனால்தான் தெரியும். இதற்கு மதிப்பெண் போடுங்கள். மதிப்பெண் இல்லாத மதியத்துக்கு எந்தப் பிள்ளையும் வராது, நானாக இருந்தாலும் வரமாட்டேன்.

முதல் நாள் கூச்சமாக இருக்கும். ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் ‘நீங்கள்’ போட்டுக்கொண்டு நகம் கடிப்பார்கள். அதற்கு ஒரு பழைய ஆள் பக்கத்தில் இருந்தால் நல்லது. என் வீடு வார்டிலிருந்து ஒரு பஸ் நிறுத்தத் தூரம்தான். சிவப்பு மூடி சிரிஞ்சு ஒன்று, ஆரஞ்சு மூடி சிரிஞ்சு ஒன்று நானே வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை மதியங்களில் எனக்கு வேறு வேலை இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
பாளையங்கோட்டை